பிளாக் டூர்மலின் பிரேஸ்லெட்: அசல்தானா, உப்புத் தண்ணீரில் போடலாமா?

செம்பருத்தி:

வணக்கம். ஆன்லைனில் ஒரு பிளாக் டூர்மலின் பிரேஸ்லெட்டும் தீட்டாத கல் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். பிரேஸ்லெட்டில் 8 மி.மீ. என்று போட்ட மணிகள் 23. சமையலறைத் தராசில் 15 கிராம் காட்டுகிறது. எல்லா மணியும் ஒரே மாதிரி, கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கிறது. தீட்டாத கல் 42 கிராம். அதில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடுகிறது, நடுநடுவே வெள்ளியாக மின்னும் செதில்கள், கையில் எடுத்தால் கருப்புத் துணுக்கு உதிர்கிறது. இரண்டில் எது போலி என்று குழப்பமாக இருக்கிறது.

விற்றவர் சொன்னவை: வாரம் ஒருமுறை இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் போட வேண்டும், கல் ஊறிய தண்ணீரைக் காலையில் குடித்தால் பிபி குறையும், வைஃபை ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளும், சனி தோஷத்துக்கும் நல்லது. எனக்கு முக்கியமாகத் தியானத்துக்குத்தான் வேண்டும். அம்மாவுக்கு பிபி இருப்பதால் அந்தத் தண்ணீர் விஷயத்தையும் கேட்கிறேன். அசலா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? எப்படிப் பராமரிப்பது? மறுபடி வாங்குவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்தராசு:

சகோதரி, நீங்கள் சந்தேகப்படும் தீட்டாத கல்தான் பெரும்பாலும் அசல். நீளவாக்குக் கோடுகள் டூர்மலின் படிகத்தின் பிறவி அடையாளம். கல்லை நுனியிலிருந்து நேராகப் பாருங்கள்; பக்கங்கள் புடைத்த முக்கோணம் போலத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மின்னுகிற செதில் காக்காப்பொன், அதாவது மைக்கா. இரண்டும் பெக்மடைட் என்கிற பாறையில் ஒன்றாக விளைபவை, குவார்ட்ஸும் ஒட்டிக்கொண்டு வரும். துணுக்கு உதிர்வதும் இயல்பு. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7 முதல் 7.5 வரை கடினமான கல் என்றாலும் உள்ளே வெடிப்பு நிறைய, நொறுங்கும் தன்மையும் உண்டு. கடினம் வேறு, உறுதி வேறு.

சந்தேகப்பட வேண்டியது பிரேஸ்லெட்டை. கருப்பு டூர்மலினின் (கனிமவியலில் ஷோர்ல்) அடர்த்தி சுமார் 3.1 முதல் 3.2, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல இத்தனை மடங்கு எடை. அப்படியானால் 8 மி.மீ. மணி ஒன்று, துளையைக் கழித்து, சுமார் 0.82 கிராம் வரும். 23 மணிக்கு 19 கிராம் இருக்க வேண்டும். உங்களிடம் 15தான். ஆனால் இதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 8 என்று எழுதி 7.5 மி.மீ. மணி அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் எடை ஆறில் ஒரு பங்கு போய்விடும். அசல் டூர்மலினே 15.6 கிராம்தான் காட்டும். அதனால் தண்ணீரில் எடை பார்த்தே ஆக வேண்டும்.

செய்முறை இது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும், நகை எடை பார்க்கும் 0.01 கிராம் பாக்கெட் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு இதற்கு உதவாது. முதலில் பிரேஸ்லெட்டை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. சோப்பு விடாவிட்டால் மணித் துளைகளில் காற்றுக் குமிழி தங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். டம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். பிரேஸ்லெட்டை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்தால் ஆடும். ஒரு குச்சியில் கட்டி, தராசைத் தொடாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். லேசாகத் தட்டிக் குமிழிகளை விரட்டிவிட்டுத் தராசைப் படியுங்கள். உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி.

15 கிராமுக்குத் தராசு 4.7 அல்லது 4.8 காட்டினால் டூர்மலின். 5.8 பக்கம் வந்தால் சாயம் ஏற்றிய கருப்பு ஓனிக்ஸ் (குவார்ட்ஸ் வகைக் கல்), அடர்த்தி 2.6. 6 அல்லது அதற்கு மேல் போனால் அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) அல்லது சாதாரணக் கண்ணாடி. எலாஸ்டிக் கயிற்றால் வரும் பிழை மிகச் சிறியது, பொருட்படுத்த வேண்டாம். தீட்டாத கல்லையும் இப்படியே பாருங்கள், 42 கிராமுக்கு 13.2 பக்கம் வர வேண்டும். அதை மட்டும் ஐந்து நிமிடம் தண்ணீரில் வைத்திருந்து, பிரஷ்ஷால் தட்டி வெடிப்புக் காற்றை வெளியேற்றிய பிறகு அளந்து பாருங்கள். குவார்ட்ஸும் மைக்காவும் அதிகம் ஒட்டியிருந்தால் எண் 3க்கு அருகில் இறங்கலாம். அது போலி என்று அர்த்தமில்லை.

ஊசியைச் சூடாக்கிக் குத்துவது, நெருப்பில் காட்டுவது, கண்ணாடிப் பாட்டிலில் கீறுவது எல்லாம் வேண்டாம். மணியின் மெருகு போவதுதான் மிச்சம். ஓனிக்ஸும் கண்ணாடியைக் கீறும் என்பதால் அதில் ஒன்றும் தெரியவும் தெரியாது.

மணிச்சரம்:

கல்தராசு அண்ணா சொன்னதோட ஒரு 10x லென்ஸும் வச்சுப் பாருங்க அக்கா. டூர்மலின் மணின்னா மேல்பரப்புல பொடிப் பொடிக் குழி, மயிரிழை வெடிப்பு இருக்கும். 23 மணியும் ஒரு குழி இல்லாம முகம் பாக்குற மாதிரி இருந்தா எனக்கு நம்பிக்கை வராது. கண்ணாடி மணியில உருண்டையான காத்துக் குமிழி, சிலதுல அச்சு சேர்ந்த தையல் கோடு தெரியும். துளை வாயில சின்னச் சில்லு பேந்திருக்கும் பாருங்க, அதுதான் சரியான இடம். பேந்த இடம் பளபளன்னு கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தா கண்ணாடியோ அப்சிடியனோ. மெழுகு பூசின மாதிரி மங்கலா இருந்தா ஓனிக்ஸ்.

இன்னொண்ணு. அசல் டூர்மலின் மணியிலயே குழியை மறைக்கக் கருப்பு மெழுகோ ரெசினோ ஏத்துவாங்க. நெயில் பாலிஷ் ரிமூவர்ல பஞ்சை நனைச்சு ஒரு மணியைத் துடைங்க, கருப்பு ஒட்டினா பூச்சு இருக்கு. இது எலாஸ்டிக்ல படாமப் பாத்துக்கணும். பஞ்சு சுத்தமா இருந்தா சாயமே இல்லன்னு நினைச்சுடாதீங்க. ஓனிக்ஸைச் சர்க்கரைக் கரைசல்ல ஊறவச்சு, அப்புறம் கந்தக அமிலத்துல போட்டு, உள்ளயே கரியாக்கிக் கருப்பாக்குவாங்க. அது எதுல துடைச்சாலும் வராது.

கோர்க்கிற விஷயம்: 8 மி.மீ. மணிக்கு 0.8 மி.மீ. எலாஸ்டிக் போதும். டூர்மலின் துளையோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கயிறு அங்கதான் அறுபடும். இழை இழையா இருக்கிற துணி எலாஸ்டிக், வழவழப்பான ஒத்தை இழையைவிட ரொம்ப நாள் தாங்கும். கோர்க்கிறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை நல்லா இழுத்து விடுங்க, இல்லன்னா ஒரு வாரத்துல தொளதொளன்னு ஆயிடும். ரெண்டு சுத்துச் சுத்தி சர்ஜன் முடிச்சு போட்டு, நகை ஒட்டுற பசை ஒரு பொட்டு. ஃபெவிக்விக் வேண்டாம், காய்ஞ்சதும் கயிறு விறைச்சு அந்த இடத்துலயே முறியும். கைக்குள்ள போடும்போது இழுத்து மாட்டாம உருட்டி ஏத்துங்க. தினமும் போடறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது கயிறை மாத்தணும்.

பிரேஸ்லெட் அறுந்தா "கல் கெட்டதை வாங்கிக்கிச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அறுந்த முனையைப் பாருங்க, துளை விளிம்புல உரசின இடத்துலதான் பிஞ்சிருக்கும். மணியைப் பொறுக்கி மறுபடி கோர்த்துக்கலாம்.

படிகக்குடில்:

செம்பருத்தி அம்மா, உப்புத் தண்ணீர் டூர்மலினுக்கு வேண்டவே வேண்டாம். கல் கரைந்துவிடாது, ஆனால் உப்புநீர் வெடிப்புக்குள் இறங்கும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு அங்கேயே படிகமாகி வெடிப்பை அகலப்படுத்தும். நாலைந்து முறை இப்படி நடந்தால் விளிம்புகள் பெயர ஆரம்பிக்கும், மணிகளில் வெண்படலம் தட்டும், இடையில் கோர்த்த உலோக மணிகள் கறுத்துத் துருப்பிடிக்கும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் வடிகட்டிய தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு அரை மணி வைத்து எடுங்கள். அதன்பின் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க உலரட்டும். உப்பைத்தான் நம்புவேன் என்பவர்கள் கல்லுப்பை ஒரு தட்டில் பரப்பி, அதன் நடுவே சிறு கிண்ணத்தில் கல்லை வைக்கட்டும். கல்லும் உப்பும் தொட வேண்டியதில்லை.

அழுக்கு எடுப்பது தனி வேலை, சக்தி சுத்தம் என்று நாங்கள் செய்வது தனி. அழுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் நனைய விடாதீர்கள். தீட்டாத கல்லை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினாலே போதும், மைக்கா ஏடு ஏடாகப் பிரியக்கூடியது. கொதிநீர், ஃபிரிட்ஜ், நகைக்கடை அல்ட்ராசோனிக் தொட்டி மூன்றையும் தவிர்க்க வேண்டும். திடீர் வெப்ப மாற்றம்தான் இந்தக் கல்லின் முதல் எதிரி. எண்ணெய்க் குளியலின்போது பிரேஸ்லெட்டைக் கழற்றிவிடுங்கள், எண்ணெய் எலாஸ்டிக்கை இளக வைத்துவிடும்.

சக்தி சுத்தத்துக்குச் சாம்பிராணிப் புகை நல்ல வழி. தணலிலிருந்து ஒரு முழ உயரத்தில், புகை மட்டும் படும்படி ஒன்றிரண்டு நிமிடம் காட்டினால் போதும். சூடம் கொளுத்தி அதில் நேரடியாகக் காட்டக் கூடாது. நிலவொளியில் வைப்பதால் கல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பனி பெய்கிற மாதம் என்றால் சன்னலுக்கு உள்பக்கம் வையுங்கள். செலினைட் (ஜிப்சம் வகைக் கல்) தட்டில் வைப்பவர்கள் துணி விரித்து வைக்க வேண்டும். செலினைட்டின் கடினம் 2தான், டூர்மலின் முனை அதைக் கோடு கோடாகக் கிழித்துவிடும்.

தியானத்துக்கு: படிக முறையில் கருப்புக் கற்களை மூலாதாரத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். சம்மணமிட்டு உட்காருகிறவர் தீட்டாத கல்லைத் தனக்கு முன்னால் தரையில் ஒரு துணியில் வைக்கலாம். படுத்துச் செய்கிறவர் இரண்டு பாதங்களுக்கும் நடுவே, பாதத்திலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கட்டும். துணுக்கு உதிரும் கல்லை வெறும் தோலில் வைக்க வேண்டாம், சிராய் ஏறும். 10 அல்லது 15 நிமிடம் மூச்சைக் கவனித்து, மூச்சு விடும்போதெல்லாம் கவனத்தைப் பாதத்துக்கு இறக்குங்கள். கையில் பிடிப்பதென்றால் தீட்டிய உருண்டைக் கல் வேண்டும். இடது கை பெறும் கை, வலது கை தரும் கை என்பது எங்கள் வழக்கம்; ஆசிரியருக்கு ஆசிரியர் இது மாறும். எந்தக் கையில் போட்டாலும் தவறில்லை.

நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 80 பேரிடம் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார். சிலர் கையில் அசல் குவார்ட்ஸ், சிலர் கையில் போலி. ஐந்து நிமிடம் தியானம். கதகதப்பு, சிலிர்ப்பு என்று இரு தரப்பும் சொன்னவை ஒரே மாதிரி இருந்தன. ஆகவே "கையில் எடுத்ததும் உணர்ந்தேன், அதனால் அசல்" என்பது செல்லாது. கல்லின் அடையாளத்தைத் தராசிடம் கேளுங்கள். தியானத்தில் கல்லின் வேலை, ஓடுகிற மனத்துக்கு ஒரு பிடிமானம் தருவது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அதற்கு மேல் நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வேம்பு:

பிபி விஷயத்துக்கு மட்டும் பதில். அம்மாவின் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. பிபி மாத்திரை சிலவற்றைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்பிருந்ததைவிட எகிறும். கல் ஊறிய தண்ணீர் பிபியைக் குறைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். டூர்மலின் எளிதில் கரையாத போரோசிலிகேட் (போரான் சேர்ந்த சிலிகேட் கனிமம்) என்பது உண்மைதான். ஆனால் தீட்டாத கல்லோடு ஒட்டி வருகிற மற்ற கனிமம் எது என்று நமக்குத் தெரியாது. உதிரும் துணுக்கு ஊசி போல இருக்கும், தொண்டையில் போய்க் குத்தக் கூடாது. தீட்டிய மணியில் மெழுகு, ரெசின், சாயம். குடிநீர் பக்கத்தில் கல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மூடிய பாட்டிலுக்கு வெளியே வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அறுந்து சிதறுகிற மணிகள் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "நெகட்டிவ் அயன்", "ஸ்கேலார்", "குவாண்டம்" என்றெல்லாம் பெயர் போட்டு, எரிமலைக் கல் என்று சொல்லிக் கருப்பு வட்டப் பதக்கம் விற்கிறார்கள். இவற்றில் பலவற்றில் தோரியம் உள்ள கனிமப் பொடி கலந்திருக்கிறது, அதாவது கதிரியக்கப் பொருள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்ற 10 பொருட்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டறிந்து, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அதில் பதக்கங்களும் குழந்தைகளுக்கான பிரேஸ்லெட்டும் இருந்தன. இயற்கையான கருப்பு டூர்மலினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டூர்மலின் பொடி கலந்த பதக்கம், கட்டில் விரிப்பு, முழங்கால் பட்டை என்று "அயன்" பெயரில் வருவதைத் தொடாதீர்கள்.

கல்தராசு:

ரவுட்டர் கேள்வி விடுபட்டுவிட்டது. சோதித்துப் பார்ப்பது எளிது: கல்லை ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு மொபைலில் சிக்னல் பாருங்கள். கல் அலைகளை இழுத்திருந்தால் சிக்னல் விழ வேண்டும், விழாது. இந்த நம்பிக்கைக்கு வேர் எது என்றால், டூர்மலினுக்கு உண்மையாகவே இருக்கும் ஒரு குணம். சூடாக்கினாலோ ஆறவிட்டாலோ படிகத்தின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுபோன டூர்மலின்கள், சூடானதும் சாம்பலை இழுப்பதைக் கண்டு ஐரோப்பாவில் வியந்தார்கள். அழுத்தினாலும் மின்னூட்டம் வரும் என்று 1880இல் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் காட்டிய படிகங்களில் இதுவும் ஒன்று. ஆனால் வெப்பமோ அழுத்தமோ மாறும் நேரத்தில் மட்டும்தான் அது தோன்றும், நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரமே போய்விடும். மேசையில் சும்மா இருக்கும் கல்லில் ஒன்றும் நடப்பதில்லை. அழகான குணம், அதை ரவுட்டரோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

சனிக்கு நவரத்தினத்தில் சொல்லப்படுவது நீலம். டூர்மலின் அந்த ஒன்பதில் இல்லை.

வாங்கும்போது: ஷோர்ல் உலகெங்கும் ஏராளமாகக் கிடைக்கிற கல். பிரேசில், நமீபியா, பாகிஸ்தான், மடகாஸ்கர், நம் நாடு என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறது. வண்ண டூர்மலின் போல விலை உயர்ந்தது அல்ல. ஆகவே ஒரு சாதாரண பிரேஸ்லெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் அந்தப் பணம் கல்லுக்கு அல்ல, கதைக்கு. "பிரேசில் கல்" என்று கூடுதல் விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள். தீட்டி முடித்த மணியைப் பார்த்து ஊர் சொல்ல நடைமுறையில் வழியில்லை. இந்தியாவில் விற்கிற மணி, பிரமிடு, உருண்டைகளில் பல குஜராத்தின் கம்பாத் பட்டறைகளிலும் ஜெய்ப்பூரிலும் தீட்டப்படுபவை.

கடைக்காரரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: கனிமத்தின் பெயர் (வெறும் "பிளாக் ஸ்டோன்" போதாது), சாயமோ ரெசினோ ஏற்றியதா, மணியின் உண்மையான விட்டம், மொத்த எடை கிராமில். எடையும் விட்டமும் முன்பே தெரிந்தால் வாங்காமலேயே கணக்குப் போட்டுவிடலாம். கூட வரும் "லேப் சர்டிஃபிகேட்" அட்டையில் அறிக்கை எண் இருந்தால் அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, படமும் எடையும் பொருந்துகிறதா பாருங்கள். 19 கிராம் என்றால் 95 காரட். எண்ணே இல்லாத அட்டை வெறும் அட்டைதான். கல்லை ரெசினில் துண்டு துண்டாகப் பதித்து "ஆர்கோன்" (orgone) என்ற பெயரில் விற்கும் பிரமிடுக்கு இந்த அடர்த்திச் சோதனை பொருந்தாது, உள்ளே என்ன கல் என்று உடைக்காமல் சொல்ல முடியாது.

செம்பருத்தி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மா மாத்திரையை விடவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. தெரிந்த நகை ஆசாரியின் தராசில் பார்த்தாயிற்று. பிரேஸ்லெட் உலர் எடை 15.2, தண்ணீரில் 5.9. தீட்டாத கல் 42.0, தண்ணீரில் 13.3. துளை வாயில் பேந்த இடம் மங்கலாக, மெழுகு போல இருக்கிறது. ரிமூவரில் பஞ்சு கறுக்கவில்லை.

கல்தராசு:

15.2ஐ 5.9ஆல் வகுத்தால் 2.58. டூர்மலின் இல்லை. கண்ணாடியும் 2.5 பக்கம் வரும் என்பதால் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேந்த இடம் மங்கல், குமிழியோ தையல் கோடோ நீங்கள் குறிப்பிடவில்லை. ஆக சாயம் ஏற்றிய கருப்பு ஓனிக்ஸ் என்பதே பொருத்தம். தீட்டாத கல் 3.16, நல்ல ஷோர்ல்.

திருப்பி அனுப்பும்போது "சக்தி இல்லை" என்று எழுதாதீர்கள், அதை யாராலும் நிரூபிக்க முடியாது. "டூர்மலின் என்று விற்ற பொருளின் அடர்த்தி 2.58, கருப்பு டூர்மலினுக்கு 3க்குக் குறையாது, பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை" என்று எழுதி, தராசு எண் தெரியும்படி இரண்டு படங்களையும் சேர்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் செய்யுங்கள்.

மணிச்சரம்:

அக்கா, பணம் திரும்ப வரலன்னாலும் ஓனிக்ஸ் மோசமான கல் இல்ல. டூர்மலினைவிட அதிகமாவே அடி தாங்கும், தினசரி கையில போட நல்லாருக்கும். கயிறை மட்டும் இப்பவே மாத்திடுங்க, ரிமூவர் பட்ட எலாஸ்டிக்கை நம்ப முடியாது.